கார்பெட்டில் சிவந்த மஞ்சள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்ன மாதிரி இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று ரெண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. என்னால் ஒரு பொம்பளைக்கு வேலை போச்சு. அவளும் அவள் மகளும் பயமில்லாமல் படுத்திருந்த ரூமும் போச்சு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோவில்பட்டியில் பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. அதற்கு முன்னால் கடம்பூர் பக்கத்தில் ஊர்; ஆடு கிடந்தது, கொஞ்சம் கரிசக்காடு கிடந்தது. வீட்டுக்காரர் போன பிறகு ரெண்டும் போய், மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மண்டபத்துக்கு வந்து ஏழெட்டு வருசம் இருக்கும்.

முதலில் ஹாலில் சிவப்புக் கார்பெட் கிடந்தது. அதில் எது கொட்டினாலும் தெரியாது. பிறகு முதலாளி மகன் வெளியூரில் எதையோ பார்த்துவிட்டு வந்து, மணமேடையில் இருந்து வாசல் வரைக்கும் சந்தன நிறத்தில் புதுக் கார்பெட்டை ஒட்டிவிட்டார். கரிசல் ஊரில் வெளிர் நிறத்தில் தரை விரிக்கிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். ரெண்டு கல்யாணத்துக்குள் நடுப்பாதை சாம்பல் பூத்துவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவினோம். கரிசல் மண்ணில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அழுக்கு அடிக்கு இறங்கிப் பசையாக ஒட்டிக்கொண்டது. மூணு நாள் காயவில்லை. நாலாம் நாள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆடு நனைந்த வாடை அடிக்கிறது என்றார்கள்.

அதன் பிறகுதான் மெஷின் வந்தது. தண்ணீரே இல்லாமல் கார்பெட் சுத்தம் செய்கிற மெஷின். மதுரையில் இருந்து ஒரு ஆள் வந்து ஒரு காலைப் பொழுது முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். மொத்தம் ரெண்டு மெஷின். ஒன்று உறிஞ்சுகிறது, டிரம் மாதிரி வயிறு, யானைத் தும்பிக்கை மாதிரிக் குழாய், உள்ளே தூசி சேருகிற துணிப்பை. இன்னொன்று பிரஷ் மெஷின். அதன் அடியில் உருளை உருளையாக ரெண்டு பிரஷ் படுத்துக் கிடக்கும். ஒன்று இப்படிச் சுற்றினால் இன்னொன்று அப்படிச் சுற்றும். இவை போக ஒரு வாளிப் பவுடர், கறையில் அடிக்கிற மருந்துக் குப்பி, கார்பெட்டின் முடியை நிமிர்த்திவிட நீளக் காம்பு வைத்த ஒரு சீப்பு.

முதலில் உறிஞ்ச வேண்டும். பிறகு பவுடரைத் தூவி, பிரஷ் மெஷினை நெடுக்கேயும் குறுக்கேயும் உழுகிற மாதிரி ஓட்ட வேண்டும். அரை மணி நேரம் விட்டு மறுபடி உறிஞ்சினால் பவுடர் அழுக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். பவுடர் என்றால் முகத்துக்குப் போடுகிற மாதிரி இல்லை. புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்த ஈரம்தான் வேலை செய்கிறது, அதனால் வாளி மூடியை இறுக்கி மூட வேண்டும், காய்ந்துவிட்டால் வெறும் மண்ணுதான் என்று அந்த ஆள் நாலைந்து தரம் சொன்னார்.

மெஷின் ஓட்ட ஒரு புது ஆளை வைத்தார்கள். புதியம்புத்தூர்க்காரி. பேர் வேண்டாம், அப்படியே சொல்கிறேன். அங்கே ரெடிமேட் கம்பெனியில் தையல் தைத்தவள். புருசன் குடித்துவிட்டு வந்து அடிக்கிற அடி தாங்காமல், பன்னிரண்டாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி ஒரு ரூம். வேலைக்கு இருக்கிறவரை அதில் இருந்துகொள்ளலாம் என்று கொடுத்திருந்தார்கள். பத்துக்குப் பத்துகூட இருக்காது. ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. "உள்ளருந்து பூட்டிக்கிட்டு படுக்கேன் மைனி. எம்மவ இப்பத்தான் முழுசாத் தூங்குதா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். மகள் அங்கன இருந்தே பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

அவளுக்கு மெஷினின் மொழி தெரியும். சத்தம் மாறினாலே நிறுத்திவிடுவாள். கவிழ்த்துப் பார்த்தால் பிரஷில் பூக்கட்டிய வாழைநார், ஜரிகை நூல், பொம்பளைகள் முடி எல்லாம் சுற்றிக் கிடக்கும். தையல் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பாள்.

"மைனி, இன்னைக்கு வந்த முடியில ஒரு சவுரி முடைஞ்சிரலாம். ஒங்களுக்கு வேணுமா?"

"எனக்கு எதுக்குட்டி? நீ வச்சு மினுக்கு."

பவுடர் தூவுகிறது என் வேலை. காட்டில் கொத்தமல்லி விதைத்த கை, வீச்சு தானாக வரும். அவள் பின்னால் மெஷினைத் தள்ளிக்கொண்டே வருவாள்.

"என்ன மைனி, இந்த மூலையில மட்டும் அம்பாரமாக் கெடக்கு?"

"வெதைச்ச கைட்டி இது. அப்படித்தான் விழும்."

"மொளச்சா கிள்ளித் தாங்க, ரசத்துக்கு ஆவும்."

என்னோடு அப்படி யாரும் பேசினதில்லை. எனக்கும் யாரோடும் பேச வராது. அவள் ஒருத்தியிடம்தான் பதிலுக்குப் பதில் வந்தது.

அவளிடம் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். "மூடியை மட்டும் மறந்துராதிய மைனி. பவுடர் காஞ்சா வேலை கெட்டுரும், அண்ணாச்சி என்னையத்தான் பிடிப்பாக." மேனேஜரைத்தான் அண்ணாச்சி என்பாள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு கல்யாணம். சாயங்காலம் வேறு ஒரு வீட்டாருக்கு நிச்சயதாம்பூலம். மத்தியானம் ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஹாலைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். காலைக் கல்யாணத்தில் அட்சதைக்கு மஞ்சளைக் குழைத்துப் பிசைந்திருந்தார்கள். தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்து ஈரக்காலோடு ஜனம் மறுபடி ஹாலுக்குள் வந்து அந்த அரிசியை மிதித்துத் தேய்த்துவிட்டது. மேடையடியில் இருந்து வாசல் வரைக்கும் திட்டுத் திட்டாக மஞ்சள்.

பொண்ணு மாப்பிள்ளை கிளம்புகிற நேரத்தில் ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பு இல்லையென்று அந்த வீட்டுப் பொம்பளைகள் தடுமாறினார்கள். புதியம்புத்தூர்க்காரிதான் ஓடிப்போய் வெற்றிலைக் கடையில் வாங்கிவந்து, மஞ்சளில் போட்டுக் கரைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு ஹால் வழியாக வாசலுக்குப் போனாள். சுற்றி முடித்ததும் அவளே ரோட்டில் கொண்டுபோய் ஊற்றினாள். புருசன் எப்படிப்பட்டவன் ஆனாலும் கழுத்தில் தாலி கிடந்ததால் அவள் கையால் அதைச் செய்யலாம். நான் தூர நின்றேன். நான் ஆரத்தி கரைத்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது.

அவர்கள் வண்டி ஏறினதும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

"மைனி, ஒரு எட்டுப் போயிட்டு மூணரைக்குள்ள வந்துருதேன். மஞ்சளா இருக்க எடத்துல மொதல்ல உறிஞ்சி வையுங்க. பிரஷ் நான் வந்து போட்டுக்கிடுதேன்."

உறிஞ்சினேன். அரிசி வந்தது, மஞ்சள் வரவில்லை. சரி, பவுடரையாவது தூவி வைப்போம் என்று வாளியை எடுக்கப் போனால், மூடி பக்கத்தில் கிடந்தது. முந்தின கல்யாணம் முடிந்து வாளியை ஜெனரேட்டர் கொட்டகைக்குள் வைத்தது நான்தான். நாலு நாள் திறந்தபடி ஜெனரேட்டர் சூட்டில் கிடந்திருக்கிறது. உள்ளே கை விட்டால் ஆற்று மணல் மாதிரி விரலிடுக்கில் ஓடியது. வேறு வாளிப் பவுடர் இல்லை. மருந்துக் குப்பியும் காலி.

அவள் வந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்றுதான் முதலில் தோன்றியது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பதத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். வெறும் தண்ணீர் அழுக்கை எடுக்காதே என்று கூட ஒரு யோசனை. எங்கள் ஊரில் உவர்மண் போட்டு வெளுத்த துணிதான் நாங்கள் உடுத்தினது. பிற்பாடு சலவைச் சோடா வந்தது. எப்பேர்ப்பட்ட அழுக்கும் அதற்குப் போகும். சமையல்கட்டில் பெரிய அண்டா விளக்குவதற்குச் சோடா வைத்திருப்பார்கள். ரெண்டு கை அள்ளி வெந்நீரில் கரைத்துப் பவுடரில் விட்டுப் பிசைந்தேன். நல்ல புட்டுப் பதம் வந்தது. மஞ்சள் இருந்த இடத்தில் எல்லாம் தாராளமாகத் தூவினேன். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பிரஷ் மெஷினையும் நானே போட்டு ஓட்டினேன். எனக்கு அவள் அளவுக்கு ஓட்ட வராது. இழுத்த இழுப்புக்குப் போனது. பிறகு அரை மணி விட்டு உறிஞ்சினேன்.

குழாய் போன வழியெல்லாம் சிவப்பாக வந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்ததுதான். சோடாவும் அதே வேலையைச் செய்யும் என்று அப்போது புத்தியில் படவே இல்லை. மறுபடி மறுபடி உறிஞ்சினேன். துணியால் ஒற்றினேன். ஒற்ற ஒற்ற இன்னும் சிவந்தது. காலடி காலடியாக, மேடையில் இருந்து யாரோ வெட்டுப்பட்டு நடந்து வாசலுக்குப் போன மாதிரி இருந்தது.

நிச்சயத்து வீட்டார் நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். தாம்பாளத் தட்டுகளோடு ஏழெட்டுப் பொம்பளைகள் முன்னால் வந்தார்கள். வாசலிலேயே ஒரு பெரியம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏ, நில்லுங்கடி! யாரும் உள்ள கால் வைக்காதிய! ஆரத்தியக் கொட்டி வச்சிருக்காக."

"காலையில கல்யாணம்னாகளே, அதுவா இருக்கும்."

"அப்ப அவுக பிள்ளைக்குக் கழிச்ச திருஷ்டிய நம்ம பிள்ளை மிதிக்கணுமா? நல்லாருக்குடி நியாயம்! எவ செஞ்ச வேலை இது? ஏ மேனேஜரு!"

மேனேஜர் அண்ணாச்சி ஓடி வந்தார். முதலாளி மகனும் வந்தார். பொண்ணு வீட்டு ஆம்பளைகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பொண்ணைக் காரை விட்டு இறக்கவே மாட்டோம் என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் புதியம்புத்தூர்க்காரி பள்ளிக்கூடத்தில் இருந்து வேர்த்து வடியத் திரும்பி வந்தாள்.

"ஏம்மா, மத்தியானம் ஆரத்தி கரைச்சது நீதான?" மேனேஜர் அண்ணாச்சி கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. ரோட்டுலதான் ஊத்துனேன். ஒரு சொட்டு உள்ள சிந்தல."

"சிந்தலையா? அப்ப இது என்ன, றெக்கை கட்டிப் பறந்து வந்துச்சா?"

அவள் குத்த வைத்து உட்கார்ந்தாள். கார்பெட்டின் முடிக்குள் மிச்சம் கிடந்த பவுடரைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தாள். சோடா என்றால் வழுவழு என்று இருக்கும். மோந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மெஷின் சத்தம் மாறும்போது கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நிற்பாளே, அப்படி.

"ஆச்சி, நீங்க இங்கனதான இருந்திய?" மேனேஜர் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இவ ஆரத்தித் தட்டத் தூக்கிட்டு இந்த வழியாப் போனதப் பாத்தியளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை.

"பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நிஜம், நான் பார்த்ததும் நிஜம். அதோடு இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். கூச்சம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். கூச்சம் பாதிதான். இந்த வயசில் இந்த வேலையும் போனால் மகன் வீட்டில் எனக்கு ஒரு வாய்ச் சோற்றுக்கு என்ன மரியாதை என்று உள்ளே ஒன்று ஓடியது. மீதிப் பாதி அதுதான்.

நிச்சயத்தை மாடியில் சாப்பாட்டு ஹாலில் நடத்தினார்கள். முதலாளி மகன் போகிற போக்கில் சொன்னார், "நாளைக்குக் காலையில அந்த ரூம் காலியா இருக்கணும்." அவள் "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரீட்சை வருது, அது முடியந்தட்டியாவது" என்று மேனேஜர் பின்னாலேயே படி வரைக்கும் போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மகள் புத்தகங்களைப் பவுடர் வந்த பழைய வாளி ஒன்றில் அடுக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் இன்னொரு முனையை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"சோடாவா மைனி?"

தலையை ஆட்டினேன்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

"நீ ஏன்ட்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குக் கெழவி மேல போடுதான்னு சொல்லுவாக. ரெண்டு பேரையும் வெரட்டுவாக. நீங்களாச் சொல்லிருந்தா, வயசான மனுசி தெரியாமச் செஞ்சிட்டான்னு ரெண்டு ஏச்சோட விட்டுருப்பாக." முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "பிரஷ்ல முடி சுத்துனா வெட்டி எடுத்துட்டு ஓட்டச் சொல்லுங்க. அப்படியே ஓட்டுனா மோட்டார் போயிரும்."

புதியம்புத்தூருக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்?

பிறகு அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தடவை. புதியம்புத்தூரில் இருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த பொம்பளை சொன்னாள். மகள் பரீட்சை எழுதவில்லையாம். கம்பெனியில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மெஷினில் உட்கார்ந்திருக்கிறதாம். தாய்க்கு இடது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறதாம். எப்படி முறிந்தது என்று நான் கேட்கவில்லை.

அதைக் கேட்ட அன்றைக்கே மேனேஜர் அண்ணாச்சி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மூடியைத் திறந்து போட்டது, சோடாவைக் கலந்தது, எல்லாம் சொன்னேன். பாதியில் அழுகை வந்து சொன்னதையே திரும்பச் சொன்னேன் போல.

"சோடா பட்டா துணி வெளுக்கும் ஆச்சி. செவக்குமா? என்ன பேசுதிய?" என்றார். "அவ மேல ஒங்களுக்குப் பாசம், அது எனக்குத் தெரியும். அதுக்காகக் கதை கட்டாதிய. அன்னைக்கு நீங்கதான பாத்தேன்னு சொன்னிய?"

"நெசம் அண்ணாச்சி. செஞ்சு காட்டுதேன்."

வீட்டில் இருந்து வெள்ளைத் துணியில் மஞ்சளைத் தேய்த்துக் கொண்டுபோய், அவர் மேசை முன்னால் சோடாத் தண்ணீர் விட்டேன். சிவந்தது. அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நீங்க சுண்ணாம்பு கலக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? படிச்சவுக யாராச்சும், இது இப்படித்தான்னு எழுதிக் குடுக்கட்டும். மொதலாளிகிட்ட நானே பேசுதேன். அவளத் திரும்ப வரச் சொல்லுவோம். மெஷின் ஓட்ட ஆள் சரியாவும் அமையல" என்றார். என்னை வேலையை விட்டுப் போகவும் சொல்லவில்லை. போய் மேடையைப் பெருக்குங்க என்றார். பெருக்கினேன்.

அந்தக் கார்பெட்டைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். அதனால் அதைக் காட்ட வழி இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது இவ்வளவுதான்: அரை வாளிப் பவுடர் இருந்தது. ரெண்டு கைச் சோடா, ஒரு செம்பு வெந்நீர். சோடா மூணு கையாகவும் இருக்கலாம். சிவப்பு குளமாகத் தேங்கி நிற்கவில்லை; பவுடர் விழுந்த இடத்தில் மட்டும், புள்ளி புள்ளியாகவும் பிரஷ் போன கோடு கோடாகவும் இருந்தது. ஆரத்தி கொட்டினால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன். பவுடரிலேயே ஏற்கெனவே வேறு மருந்து ஏதும் உண்டா, அது எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்தச் சிவப்பு மறுபடி மஞ்சளாகிவிடும் என்று ஒருத்தர் சொன்னார். அதுவும் சரியா தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவர்கள், இந்த மெஷினும் பவுடரும் விற்கிறவர்கள், யாராவது இதை வாசித்தால் நான் சொன்ன அளவில் ஒரு தரம் செய்து பார்த்து, சரியா தப்பா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அளவில் நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள்.